ரேடியோ இரைச்சலும் எங்கள் படகும்

அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் நேற்று ரேடியோ கர்ரென்று இரைந்தது. உடனே எனக்கு எங்கள் படகு ஞாபகம் வந்துவிட்டது.

பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அக்கா, பழைய ரிமோட் காரைப் பிரித்து, அதன் மோட்டாரையும் மற்றவற்றையும் ஒரு தெர்மாகோல் படகில் பொருத்தியிருந்தாள். அண்டாத் தண்ணீரில் விட்டால் மோட்டார் ஓடும். ஆனால் படகு ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் அதுபாட்டுக்குச் சுற்றும். இப்படியே தெப்பக்குளத்தில் விட்டால் திரும்பி வராதே என்று எனக்குப் பயம்.

ஒரு நாள் அப்பா வழக்கம்போல் ரேடியோவைக் காதோடு ஒட்டிவைத்து கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மோட்டாரைப் போட்டதும் வர்ணனை இரைச்சலில் மூழ்கிப்போனது.

"ஏத்தா, அம்புட்டும் கர்ருங்குது! அத நிறுத்துங்க."

அக்கா துள்ளி எழுந்தாள். "அப்பா, இது நம்ம மோட்டார் போடுற இரைச்சல்! இதுதான் ரிமோட் சிக்னலக் கெடுத்துப் படகையும் குழப்புது."

மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே இரைச்சலை அடக்கும் குட்டிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தாள். ஒயர்களை முறுக்கிவிட்டாள். அப்பாவே ரேடியோவைப் படகின் அருகில் கொண்டுவந்து பிடித்தார். மோட்டார் ஓடியது, வர்ணனையும் தெளிவாகக் கேட்டது.

சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தில் படகு மைய மண்டபத்தை நோக்கிப் போனது. அக்கா ரிமோட்டைத் திருப்ப, சமர்த்தாக வளைந்து எங்களிடமே வந்தது. படிக்கட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"கொண்டா, ஒரே ஒரு ரவுண்டு" என்று ரிமோட்டை வாங்கிய அப்பா, இருட்டும்வரை திருப்பித் தரவேயில்லை.

அதை நினைத்து ஆட்டோவில் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த பெண், என்னவென்று கேட்காமலே தானும் சிரித்தாள்.