பின் அச்சின் ஆட்டம்

காலாப்பட்டிலிருந்து திரும்பி வரும்போதுதான் அதை முதலில் உணர்ந்தேன். வேகம் கூடியதும் என் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு கிளம்பியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் எங்கோ "டக்" என்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரிடம் கேட்டேன். அவர் கதவின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ரோடு சரியில்லை என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் உள்காதில் கோளாறு வந்து நான் படுக்கையில் கிடந்தேன். கட்டில் மிதக்கும், சுவர் சரியும். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, வீடு அதிர்கிறதா என்று அவரிடம் கேட்பேன். இல்லை என்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன். குணமாகி மீண்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆகவே நான் ஏதாவது நடுங்குகிறது என்றால், நடுங்குவது எது என்ற சந்தேகம் எங்கள் இரண்டு பேருக்குமே வந்துவிடும்.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவள் நான். கணவருக்கு ஸ்கூட்டர் போதும். என்னைவிட வயதான கார் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம்; அப்படி ஒரு சொல்தாவின் குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாரீசுக்குப் போனபோது அவர்களிடமிருந்து வாங்கினேன். கறுப்பு வண்டி. உருண்டை விளக்குகள், அகலமான பின் சீட்டு. குருசுக்குப்பத்தில் இருக்கும் என் தம்பியின் மகள், கல்யாண மண்டபத்துக்கு அந்த வண்டியில்தான் போவேன், அத்தைதான் ஓட்ட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். மண்டபம் கிருமாம்பாக்கத்தில். கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

நான் மெக்கானிக்கிடம் போவதற்கு முன் காது டாக்டரிடம் போனேன். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. அன்று வேடிக்கையாக இல்லை. அவர் என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கண்ணை உற்றுப் பார்த்து, காது நன்றாக இருக்கிறது என்றார். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் உள்ளங்கையை வைத்து அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும்போதும் நாற்காலியின் கால்களைக் கவனித்தேன்.

முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஒரு மெக்கானிக் உண்டு. என் வயதுக்காரர், நல்ல வேலைக்காரர், பிடிவாதக்காரர். டயர்தான் என்றார். நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்தேன். அதே நடுக்கம். மறுபடி போய்ச் சொன்னபோது, பழைய வண்டி என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் மேடம் என்றார்.

அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பின் சக்கரங்களை முன்னாலும் முன் சக்கரங்களைப் பின்னாலும் மாற்றிப் போடச் சொன்னேன். டயரில் கோளாறு என்றால் நடுக்கமும் முன்னால் வந்து ஸ்டியரிங்கில் தெரிய வேண்டும். தெரியவில்லை, அது பின்னாலேயே இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலியான இடமாகப் பார்த்து, வேகம் எடுத்ததும் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விட்டேன். எஞ்சின் சத்தம் அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சினும் இல்லை. வலது பக்கம் வளைத்தால், அதாவது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாய்ந்தால், அது கூடியது போல இருந்தது. போல இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அந்த "போல" என்னைத் தூங்க விடவில்லை.

கணவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். சாயங்காலம் சாவியை எடுத்தாலே, இன்னிக்கி விட்டுடேன் என்பார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் போனேன். அவன் விசைப்படகு ஓட்டுகிறவன். அன்று கடலுக்குப் போகவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். முன்னால் உட்காரவில்லை. பின் சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பை விலக்கி, தகரத்தில் காதை வைத்துப் படுத்துக்கொண்டான். கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும் பெண்ணின் அப்பா அப்படிக் கிடக்க, நான் கோட்டக்குப்பம் தாண்டிப் போனேன். கண்ணாடியில் அவன் கால் மட்டும் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று பயம்.

அவனே எழுந்து உட்கார்ந்தான்.

"ஆடுதுக்கா," என்றான். "உனக்கில்ல, வண்டிக்குத்தான் ஆடுது."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கை நடுங்கியது. அந்த நடுக்கம் என்னுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னேன். அவர் சலித்துக்கொண்டே ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டு வைத்தார். நான் உட்கார்ந்து வலது சக்கரத்தின் மேல் ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து ஆட்டினேன். அசையவில்லை. இடது சக்கரத்துக்குப் போனேன். மேலே தள்ளி, கீழே இழுத்தேன். "டக்." மிகச் சின்ன அசைவு, ஒரு விரல் நகத்தின் கனம்கூட இருக்காது. ஆனால் சத்தம் தெளிவாகக் கேட்டது. மெக்கானிக் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஆட்டிப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

பிரேக் டிரம்மைக் கழற்றியபோது கணவரும் வந்து சேர்ந்துவிட்டார். உள்ளே சக்கரத்தைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருந்தது. அதைவிட மோசம், சக்கரத்தையும் அச்சுத் தண்டையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிற சின்ன இரும்புச் சாவி நசுங்கிப் போயிருந்தது. மெக்கானிக் தண்டின் முனையை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். சாவி உட்காரும் பள்ளத்திலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது.

"சக்கரம் தனியா போயிருக்கும் மேடம்," என்றார். "நான் டயருன்னு சொல்லிட்டேன்."

கணவர் அந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஸ்கூட்டரை ஓட்டியபடியே, "இனிமே நீ சொன்னா நான் ரோடுன்னு சொல்ல மாட்டேன்," என்றார். நான் அவர் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

தண்டும் பேரிங்கும் சென்னையிலிருந்து வந்தன. மாட்டியாயிற்று. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் அசைவே இல்லை. எல்லோரும் முடிந்தது என்றார்கள். ஓட்டிப் பார்த்தேன். "டக்" போய்விட்டது. ஆனால் நடுக்கம் முழுதாகப் போகவில்லை. பாதியாகி, அதே வேகத்தில் மெல்லியதாக வந்தது. கல்யாணம் அந்த வாரம். பத்திரிகை கொடுக்க, பூவுக்குச் சொல்ல என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில் மறுபடியும் போய் என்னவென்று சொல்வது? ஒரு பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன். புடவைக்கு ஃபால்ஸ் தைக்க உட்கார்ந்து ஊசியில் விரலைக் குத்திக்கொண்டேன்.

சாயங்காலம் கணவரே கேட்டார்: "இன்னும் இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப வா," என்று டார்ச்சை எடுத்தார்.

மெக்கானிக் மறுபடி வண்டியைத் தூக்கினார். இம்முறை சலித்துக்கொள்ளவில்லை. நானும் மெக்கானிக்கும் அடியில் படுத்து, கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளமான ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தோம். பின்பக்கத்து இணைப்பில், சிலுவை போன்ற துண்டு உட்காரும் கிண்ணத்தைச் சுற்றி, செங்கல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. கிரீஸ் வற்றி, இரும்பு இரும்பை அரைத்த துரு. முதலில் பார்த்தபோது எங்கள் கவனமெல்லாம் சக்கரத்திலேயே இருந்ததால் யாரும் இதைப் பார்க்கவில்லை. கழற்றியதும் உள்ளே ஊசி போன்ற உருளைகள் பொடியாகிக் கொட்டின. அங்கேயே புதுசு போட்டார். அரியாங்குப்பம் பாலம் தாண்டி வேகம் எடுத்தபோது நான் காத்திருந்தேன். அந்த வேகம் வந்தது, கடந்தது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதை நம்ப முடியாமல் திரும்பி வந்து அதே சாலையில் மறுபடியும் ஓட்டினேன்.

கல்யாணத்தன்று தம்பி மகள் பின் சீட்டு முழுக்கப் பட்டுப்புடவையைப் பரப்பி உட்கார்ந்தாள். தம்பியும் அவன் மனைவியும் முன்னால் வேனில் போய்விட்டார்கள். பூ வாசனை கனமாக இருந்தது. அவள் வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே வந்தாள். கிருமாம்பாக்கத்தில் மண்டபத்தின் சீரியல் விளக்குகள் தெரிந்ததும், "அத்தை, கொஞ்சம் தள்ளிப் போயிட்டு வரலாமா?" என்றாள். குரல் சரியாக இல்லை.

ஏன் என்று கேட்கவில்லை. மண்டபத்தைத் தாண்டிக் கடலூர்ப் பக்கமாக ஓட்டினேன். வாசலில் நின்றவர்கள் கையைக் காட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் அவள் வளையலை விட்டுவிட்டு, தன் பக்கத்துக் கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்கினாள். காற்று உள்ளே வந்தது. பிறகு, "போதும் அத்தை, திருப்பு," என்றாள்.

திருப்பினேன்.