என் மனைவியின் சிங்களம்

வெளிநாட்டு மாணவர்கள் நம் பண்பாட்டுக்கு எவ்வாறு பழகிக்கொள்கிறார்கள் என்று ஒரு கருத்தரங்கில் உரையாற்றும்படி அண்மையில் என்னைக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். என் மனைவி இறந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. மேடையில் என் குரல் உயர்ந்துவிடும் என்று அஞ்சினேன்.

போர்க்காலத்தில், ஐரோப்பாவிலிருந்து ஆய்வுக்காக வந்த மாணவி ஒருத்தி மாத்தளையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். கண்டவரெல்லாம் “கல்யாணம் ஆச்சா?” என்று கேட்பதைத் தாங்காமல் முதல் வாரம் அறைக்குள் அடைந்து கிடந்தாள். என் மனைவிதான் அவளைச் சந்தைக்கும் ஞாயிறு பூசைக்கும் அழைத்துச் சென்றாள்; தமிழும் கற்றுக்கொடுத்தாள்.

“‘சாப்பிட்டேன்’னு மொட்டையா சொல்லக் கூடாது புள்ள. ‘சாப்பிட்டேங்க’ன்னு சொல்லணும். இல்லாட்டி சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.”

“சண்டைக்கு வரலங்க, அம்மா. சோறுக்கு வந்தேங்க!”

எந்த இடத்தில் தமிழ் பேசக் கூடாது என்பதை மட்டும் என் மனைவி சொல்லிக்கொடுக்கவில்லை. அதை எங்கள் பிள்ளைகளுக்கே நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர்கள் தாமாகவே அறிந்திருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் கணவனும் மனைவியும் சிங்களத்திலேயே பேசுவோம். எங்களுடையவை இரு இனத்தாருக்கும் பொதுவான கிறிஸ்தவப் பெயர்கள். அடையாள அட்டையும் எங்களைத் தமிழர் என்று காட்டிக்கொடுக்காது.

ஒருநாள் மூவரும் தம்புள்ளைக்குப் போனோம். வழியில் சோதனைச்சாவடியில் ஓர் இராணுவச் சிப்பாய் பஸ்ஸில் ஏறினான். என் மனைவியின் சிங்களத்தைக் கேட்டு, “சரி அம்மா” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு மாணவியைப் பார்த்துச் சிரித்து, எந்த நாடு என்று ஆங்கிலத்தில் விசாரித்தான். அவள் அதற்காகவே காத்திருந்தவள்போல் நிமிர்ந்தாள்.

“வணக்கங்க! எனக்குத் தமிழ் தெரியுங்க!”

சிரிப்பு நின்றது. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டான். அவள் பெருமையோடு என் மனைவியின் தோளில் கை வைத்தாள்.

“இவங்கதாங்க. என் டீச்சர்.”

எங்கள் இருவரையும் இறக்கினார்கள். விளக்கம் சொல்லப் பின்னால் ஓடிவந்த மாணவிக்கு மர நிழலில் நாற்காலி போட்டு, செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். என் மனைவி வெயிலில் நின்றாள். சாவடி அதிகாரி ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டான்:

“தமிழ்ப் பொம்பள, சிங்களம் இவ்வளவு சுத்தமா பேசுறியே. யாரை ஏமாத்தப் படிச்ச?”

அவள் அதை எவரையும் ஏமாற்றப் படிக்கவில்லை. மாத்தளைத் தெருவில் பாண்டி ஆடியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து தானாக ஒட்டிக்கொண்ட மொழி அது. விருந்தாளியின் அரைகுறைத் தமிழுக்கு ஊரே கைதட்டியது. பிறந்த ஊரின் மொழியைப் பிழையில்லாமல் பேசியதற்கு இவள் பொழுது சாயும்வரை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

விடுவித்த பிறகு மாணவி வழியெல்லாம் அழுதாள்.

“விடு புள்ள. ஒனக்கு ஒண்ணும் ஆகலையே” என்றாள் என் மனைவி.

இலங்கையில் தான் எவ்வளவு எளிதாக ஒன்றிப்போனாள் என்று அந்தப் பெண் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இருக்கட்டும். அந்த நாளுக்குப் பின் என் மனைவி பஸ்ஸிலோ கடையிலோ அலுவலகத்திலோ எந்த மொழியிலும் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். போர் முடிந்தது என்று வெடி கொளுத்திய பிறகும் அது மாறவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில், எங்கே வலிக்கிறது என்று தாதி சிங்களத்தில் கனிவாகத்தான் கேட்டாள். என் மனைவி மற்றக் கட்டில்களைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஐயா, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாதா?” என்றாள் தாதி.

தெரியாது என்றேன்.