வெயில் வீணாகக் கூடாதென்று

குழாயில் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று வரும்போது ஒரு சத்தம் கேட்கும். தொண்டை கட்டியவர் பேச முயல்வதுபோல, கரகரவென்று. போத்தனூரில் என் வீட்டு மாடித் தொட்டி காலியாகும் நாட்களில் அது கேட்டால் போதும், கைவேலை அப்படியே நின்றுவிடுகிறது. காரமடைக்குப் பக்கத்தில் என் வாழைத் தோட்டமும் அடுத்திருக்கும் அக்காவின் கறிவேப்பிலைத் தோட்டமும் கண்முன் வந்துவிடுகின்றன.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. வரப்புக்கு அந்தப் பக்கம் தனியாளாகத் தோட்டம் பார்ப்பவர். அவருடைய போர்க்கிணறும் என்னுடையதும் கூப்பிடு தூரம்; அடியில் ஓடுவது ஒரே ஊற்று.

முன்பெல்லாம் மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தில் இரண்டு மோட்டாரும் ஓடும், போனால் இரண்டும் நிற்கும். அதற்காக எங்கோ நிலக்கரி எரிந்ததா, மலைக்கணவாய்க் காற்று காற்றாலையைச் சுழற்றியதா, நாங்கள் கேட்டதில்லை. நின்றபோதெல்லாம் வைதோம். அந்த நேரத்தில்தான் பூமிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிறகு நான் சோலார் போட்டேன். கரிப்புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை, கரண்ட் எப்போது வருமென்று காத்துக்கிடக்க வேண்டாம். இனி வரும் காலமே இதுதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். வெயிலைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. சூரியன் ஏற மோட்டார் ஓடும், இறங்க நிற்கும். வாழை போதும் போதும் என்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. சும்மா காய்கிற வெயில், அதை வீணாக்குவதா? தொட்டி வழிந்து, வாய்க்கால் நிறைந்து, வண்டிப்பாதையெல்லாம் சேறாயிற்று. அந்தச் சேற்றைப் பார்த்துப் பூரித்தவன் நான்.

கோடையில் ஒரு மதியம் அக்கா வந்தார். அவர் மோட்டார் காற்றைத்தான் தள்ளுகிறதாம். கறிவேப்பிலைக் கொழுந்து கருக ஆரம்பித்துவிட்டது, இந்த அறுப்பு போனால் செடியே போய்விடும் என்றார். தானும் சோலார் போட்டால் தண்ணீர் வந்துவிடுமா என்று என்னிடம் யோசனை கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் என் தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

"சோலாரு தண்ணியக் கொண்டாறாதுங்க்கா," என்றேன். "உங்க தண்ணியத்தான் நான் எடுத்துப்போட்டேன்."

அக்கா திரும்பித் தொட்டியைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார்.

"ரோட்டுக்குத் தண்ணி கட்றீங்களாட்ட இருக்குதுங்க தம்பி."

அவர் சிரிக்கவில்லை. நான் போய் மோட்டாரை அணைத்தேன். சோலார் பலகைகள் மேல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு நடந்த பிறகும், ஐயோ வீணாகிறதே என்று என் மனது அடித்துக்கொண்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

அவர் போரில் தண்ணீர் ஏறும்வரை என் மோட்டாரைத் தொடமாட்டேன் என்றேன். குலை தள்ளிய வாழை தாங்குமா என்று அவர்தான் கேட்டார். தாங்குகிற வரை தாங்கட்டும் என்றேன். அதற்குமேல் ஓட்டினாலும் முறைவைத்து, ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். அக்கா தலையை ஆட்டினார். நம்பினாரா, மரியாதைக்கு ஆட்டினாரா, தெரியவில்லை. வரப்பில் ஏறியவர் நின்றார்.

"ஊறுச்சுன்னா நானே வந்து சொல்றனுங்க தம்பி. நான் வரலீன்னா, ஊறலீன்னு நெனச்சுக்கோங்க, வந்து கேட்டுப்போடாதீங்க."