ஓய்வுக்குப் பிறகும் ஒரு ஃபேக்டரி பஸ்

எங்கள் தாமான் குடியிருப்பில் விடிகாலையில் ஹாரன் ஒரு முறை அடித்தால் ரொட்டிக்காரர். இரண்டு முறை அடித்தால் எங்கள் வண்டி. தெப்ராவ் பக்கம் எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரொம்ப காலம் இது மாறவில்லை. அப்போது வந்தது நீல நிற ஃபேக்டரி பஸ். ஓய்வுக்குப் பிறகு வந்தது, கதவை இழுத்தால் முனகும் ஒரு பழைய வேன். ஓட்டியவர் மட்டும் அதே ஆள்.

வேலை செய்த காலமெல்லாம் அந்த மனிதரை நான் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். யாருக்காகவும் நிற்க மாட்டார். முனை வீட்டு மாமரத்தடிக்கு வருவார், இரண்டு ஹாரன் அடிப்பார், ஏறினால் ஏறு, இல்லாவிட்டால் போ. மகனுக்குப் பள்ளிச் சட்டையை மாட்டிவிட்டு, ஒரு காலில் செருப்போடு நான் ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்திருக்கிறார். மறுநாள் சண்டைக்குப் போனால், "உனக்காக ரெண்டு நிமிஷம் நின்னா, கடைசி தாமான்ல ஏறுற பொண்ணு ஃபேக்டரி கேட்டுக்கு லேட்டாயிரும் தங்கச்சி" என்பார். அதில் நியாயம் இருந்ததால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடும்.

ஓய்வு பெற்றபோது, இனி இவர் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் ஓய்வு என்றால் வீட்டில் கால் நீட்டி உட்காருவது இல்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிரஷர் மாத்திரைக்குக் கிளினிக், டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க இன்னொரு நாள், கண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரி. உடம்புக்கும் ஷிப்ட் வந்துவிட்டது. தாமானுக்குள் வந்துகொண்டிருந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது அது வெளியே பெரிய சாலையோடு போய்விடுகிறது. மேம்பாலம் ஏறி இறங்கி, தூரத்தில் வரும்போதே நம்பரைப் பார்த்துக் கை காட்ட வேண்டும். அப்போது என் வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண்ணும் மங்கல். நம்பர் எனக்குப் புலப்படுவதற்குள் பஸ் அடுத்த சிக்னலைத் தாண்டியிருக்கும்.

மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் சில பெண்கள் வெயிலில் நடந்துபோவதை அவர் பார்த்திருக்கிறார். அவரும் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மறுநாள் விடிகாலையில் மாமரத்தடியில் இரண்டு ஹாரன். என்ன, ஏது என்று ஒரு விளக்கமும் கிடையாது. "கிளினிக்குதானே? ஏறுங்க லா" என்றார்.

சட்டம் எல்லாம் பழைய சட்டம்தான். தாமதித்தால் விட்டுவிட்டுப் போவார். வேடிக்கை என்னவென்றால், வேனில் நாங்களும் ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தோம். எனக்கு ஜன்னலோரம். வண்டி நகர்ந்ததும் எல்லோருக்கும் கண் சொக்கிவிடும். ஃபேக்டரிப் பெண்களுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஆனால் அந்த மனிதரின் இன்னொரு முகத்தை அப்போதுதான் பார்த்தேன். யார் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்வார். திரும்பும்போது அவர்களுக்கு பிஸ்கட் டின்னும் ஃபிளாஸ்கில் மைலோவும் தயாராக இருக்கும். யாரும் கேட்காமல், யாரிடமும் சொல்லிக்காட்டாமல் இப்படிச் செய்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். நல்ல பிள்ளை. அதுதான் தொல்லை. "கண்ணு தெரியாம தனியா எப்படிம்மா இருப்பீங்க? வீட்ட வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்துருங்க" என்று ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிப்பான். இந்த வீட்டுக்காகத்தான் நான் காலமெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை பார்த்தேன். இதைப் பூட்டிவிட்டு அவனுடைய அடுக்குமாடியில் ஒரு அறைக்குள் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். கண் ஆபரேஷன் சரியாக நடந்தால் நான் இங்கேயே இருப்பேன். இல்லாவிட்டால் தீபாவளி முடிந்ததும் அவனோடு போய்விடுவேன்.

மாதக்கணக்கில் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி கவுண்டரில் இருக்க வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள்.

அன்று விடிகாலையில் தூறல். வேனில் ஏறினோம், தூங்கினோம். வண்டி நின்றதும் கதவு முனகியது. நாங்கள் இறங்கி நடந்தோம். கண் தெரியாத நான்தான் முன்னால். கால் தானாகப் போனது, கை தானாகக் கழுத்தில் தொங்கும் கார்டைத் தேடியது. கார்டு இல்லை. "ஆன்ட்டி, பாஸ் மானா?" என்று நேப்பாளக் காவலாளி ஒருவர் வழியை மறித்துப் பாஸ் கேட்டபோதுதான் விழித்தோம்.

"அலமாக்! ஃபேக்டரிக்கு வந்துட்டோம்!" என்று ஒருத்தி கத்தினாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஓய்வு பெற்ற கிழவிகள் ஷிப்டுக்கு வந்து நிற்கிறோம்! நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் ஏழு மணி ஞாபகம் வந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. மழையில் நனைந்தபடி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கையி தானா திரும்பிருச்சு தங்கச்சி" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் அவரிடம் கேட்டதில்லை.

சாலை முழுக்க லாரியும் ஜாமும். அன்று வேனில் ஒருவரும் தூங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு தாண்டிவிட்டது. என் பையைத் தூக்கிக்கொண்டு அவர் எனக்கு முன்னால் ஓடினார். கவுண்டரில் இருந்த, மிஸி என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார நர்ஸ், ஆள் எடுத்து முடித்துவிட்டோம், வேறு தேதிதான் என்றாள். அவர் மலாயில் மன்றாடினார். இந்த அம்மா தாமதிக்கவில்லை, தவறு என்னுடையது, வேண்டுமானால் என்னைத் திட்டுங்கள், இவரை அனுப்பிவிடாதீர்கள் என்று. கடைசியில் கையைக் குவித்து, "துங்கு செக்கெஜாப், மிஸி" என்றார். கொஞ்சம் பொறுங்கள். வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காத அந்தக் கொஞ்சத்தை எனக்காகப் பிச்சை கேட்டு நின்றார்.

மிஸி அவரை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, அன்றைக்குக் கடைசி ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டாள். கண்ணில் கட்டோடு நான் வெளியே வந்தபோது பின்மதியம் ஆகியிருந்தது. மற்ற பெண்களையெல்லாம் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, பெஞ்சில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது என் வீட்டுத் தூசிதான். பார்வை மங்கியிருந்த காலத்தில் வீடு எவ்வளவு சுத்தமாக இருந்தது! மகனுக்குப் போன் செய்து, "நான் வரலப்பா" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு யாரும்மா கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டான். "அதுக்கு ஆளு இருக்கு" என்றேன், பெருமையாக.

அடுத்த முறை கண்ணைக் காட்டப் போனபோது வேனில் நான் மட்டும்தான். முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

"புதுக் கண்ணு எப்படி இருக்கு? அந்த போர்டுல என்னா போட்டிருக்கு, படி பாப்போம்" என்றார்.

பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தேன். அடுத்த சாலைச் சந்திப்பிலும் கேட்டார். படித்தேன். அதற்கடுத்த சந்திப்பிலும் கேட்டபோது திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கிற முகமாக இல்லை. கழுத்தை முன்னால் நீட்டி, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, சிக்னல் போடாமல் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அந்தத் தூறல் காலை ஞாபகம் வந்தது. அன்று பழக்கத்தில் மட்டும் கை திரும்பவில்லை. போர்டு தெரியாததால்தான், தெரிந்த வழியில் திரும்பியிருக்கிறது.

"அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"எப்பலேருந்து?"

"போன தீவாளிக்கு முன்னயே. வெளிச்சத்துல பரவால்ல. இருட்டும் மழையும்தான் சரிப்படல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா வண்டிய நிறுத்தச் சொல்லுவீங்க. நிறுத்திட்டா நீங்கல்லாம் எப்படிப் போவீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்களையெல்லாம் கொன்றிருப்பீர்களே என்று, பழைய பாக்கி எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன். திட்டும்போதே அழுதுவிட்டேன். அவர் சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். வேனை ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் விட்டுவிட்டு, என் போனில் நானே பார்த்து ஒரு கார் வரவழைத்தேன். ஆஸ்பத்திரியில் என் கண்ணைக் காட்டிய கையோடு, அவர் கண்ணைக் காட்டவும் கேட்டுத் தேதி வாங்கினேன்.

அந்தத் தேதி வந்த காலையில் மாமரத்தடியில் ஹாரன் இல்லை. அவர் வீட்டு கேட்டில் நின்று, "அண்ணே! அண்ணே!" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டு தாமதமாகத்தான் வந்தார். நான் போகவில்லை, நின்றேன். மேம்பாலம் ஏறி இறங்கினோம். தூரத்தில் வரும்போதே நம்பரைப் படித்துக் கை காட்டினேன், பஸ் நின்றது.

ஜன்னலோர சீட்டை அவருக்குக் கொடுத்தேன். முதல் சந்திப்பு வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். நான் தூங்கவில்லை. வழியிலிருந்த ஒவ்வொரு போர்டையும் படித்துக்கொண்டே வந்தேன்.