பருந்துக் கூடு ஆடியது

கொசு சாருக்குப் பயம் வந்துவிட்டது. லேசுப்பட்ட பயம் இல்லை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தே தலை நரைத்தவர் அவர். கொசு கடித்தாலாவது தெரியும், இவர் குத்தினால் தெரியாது என்று வருகிறவர்களே வைத்த பேர் அது. கைராசி போதாதென்று ஒரு தந்திரமும் வைத்திருந்தார். "அந்தப் பக்கம் பாருங்க, என்னா ஒரு பறவை!" என்பார். ஆள் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். பறவையாவது ஒன்றாவது! ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்துச் சுவர்தான். வீட்டில் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் போன வாரம் ஒரு குழந்தையின் கையில் நரம்பைத் தவறவிட்டார். மறுபடி குத்தினார், மறுபடியும் தவறியது. குழந்தை வீறிட்டது. அதன் அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை, இவர் விரல்களைப் பார்த்தாள். "ஏசி குளிரும்மா," என்று சமாளித்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் விரல் நடுங்கியது, அப்புறம் கை. இப்போது அண்ணி ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு. தனக்கும் அதே கதிதானா? வேலை போனால் என்ன செய்வது? வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் மனைவி பைனாகுலர் கேட்டாள். காலையில் இருவரும் ஏரிக்கரையில் நடப்பார்கள். தண்ணீருக்கு நடுவே உட்கார்ந்திருப்பது என்ன பறவை என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். வேண்டாம் என்றால் ஏன் என்று குடைவாள். வாயை மூடிக்கொண்டு கிளம்பினார்.

கேமராக் கடை மாடியில் இருந்தது. "வாங்கறதுதான் வாங்கறோம், பெருசாவே எடுங்க," என்றார் வீறாப்பாக. கடைக்காரர் பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் ஒன்றை எடுத்து, இருவரையும் பால்கனிக்குக் கூட்டிப்போனார். தெருவுக்கு எதிர்ப்புறம் செல்போன் கோபுரம். அதன் உச்சியில் ஒரு பருந்துக் கூடு.

கொசு சார் கண்ணில் வைத்தார். கூடு குதித்தது. கோபுரமே குதித்தது. முழங்கையை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார், அப்போதும் அடங்கவில்லை. கம்பி எது, குச்சி எது என்றே தெரியாமல் எல்லாம் கோடு கோடாக இழுபட்டது. போச்சு, எல்லாம் போச்சு.

"ஆடுதா சார்?" கடைக்காரர் சிரித்தார். "பன்னெண்டுன்னா யாருக்குமே ஆடும். கை அசையறதையும் சேத்துல்ல பெருசாக் காட்டுது? வெளிய போய்க் கையில புடிச்சுப் பாக்க எட்டு போதும். எடையும் கம்மி. மழைத்தண்ணி உள்ள எறங்காததாப் பாத்து எடுத்துக்குங்க."

யாருக்குமே ஆடும்! அந்த ஆளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது அவருக்கு. கடைக்காரர் எட்டை எடுத்துவர உள்ளே போனார்.

"இப்படிக் குடுங்க, நானும் பாக்கறேன்," என்று மனைவி அதே பன்னிரண்டை வாங்கினாள். "அய்யோ, குஞ்சு! கொட்டாவி விடுதுங்க! நாக்குகூடத் தெரியுது. தலையில பஞ்சு பஞ்சா என்னமோ ஒட்டியிருக்கு."

"உனக்கு ஆடலையா?"

அவள் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"ஆடுதுங்க," என்றாள். "எனக்கும்தான் பயங்கரமா ஆடுது."

பாவி, ஒழுங்காகப் பொய் சொல்லவும் வராது அவளுக்கு. ஆடுகிற படத்தில் குஞ்சின் நாக்கு எப்படித் தெரியும்? அப்போதுதான் அவருக்கு டீ ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே அவருடைய டம்ளரில் அவள் பாதிதான் ஊற்றுகிறாள். பாலை மிச்சம் பிடித்து மாளிகை கட்டப்போகிறாயா என்று கேலிகூடச் செய்தார். அண்ணனுக்கு அண்ணியும் ஆரம்பத்தில் பாதிதான் ஊற்றினாள், சிந்தாமல் இருக்க.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

அவள் பைனாகுலரை இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கடைக்காரர் சின்னதை எடுத்துக்கொண்டு வந்தார். "இதப் பாருங்க சார், ஆடாம நிக்கும்."

"வேணாம். பன்னெண்டே குடுங்க. பாக்கப்போறது இவதான்."

பில் போடக் கடைக்காரர் உள்ளே போனதும் கொசு சார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம். நீயும் வா," என்றார். "எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

அவள் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் பாருங்க," என்றாள். "என்னா ஒரு பறவை!"

அவர் திரும்பிப் பார்த்தார். தாய்ப்பருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வெறும் கண்ணுக்குக் கூடு ஆடவில்லை. அவள் பிடிக்குள் அவர் கை ஆடிக்கொண்டே இருந்தது.