சிப்ஸ் கடை வாசலில் காத்திருந்தேன்

எங்கள் தென்காசி சபைப் பெண்கள் வேனில் குற்றாலம் போனபோது, மந்தையை விட்டுக் காணாமற்போன ஒற்றை ஆட்டை மேய்ப்பன் தேடிப்போகும் பைபிள் உவமையை விளக்கியது நான்தான். ஆடு புத்தி கெட்டது, மேய்ப்பன் பொறுமைசாலி என்று அழகாகப் பேசி முடித்தேன்.

ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் ஏறியது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டினார்கள். கூட்டத்தோடு வெளியே வந்த நான் ஒரு சிப்ஸ் கடை வாசலில் நின்றேன். எங்கள் ஆட்கள் ஒருவரையும் காணோம். செல்போன் வேனில் கிடந்தது. ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஈரச்சேலையோடு கடைக்கும் சாலைக்கும் நடந்தபடி, பொறுப்பில்லாத ஜென்மங்கள் என்று ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கடைசியில் எங்கள் தலைவி எஸ்தர் அக்கா ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பில்லை. தொண்டை கட்டியிருந்தது.

"எல்லாரும் எங்கக்கா போனீங்க? எவ்வளவு நேரமாக் காத்துக் கிடக்கேன்!" என்று கத்தினேன்.

அக்கா என் கையை இறுகப் பிடித்தார். "நாங்க எங்கயும் போவலட்டி. எல்லாரும் வேன்கிட்டதான் அழுதுட்டு நிக்காவ. ஒன்னையத் தண்ணி இழுத்துட்டோன்னு பயந்து, நான் அருவிக்கரை பூரா கூப்பிட்டுக்கிட்டே அலைஞ்சேன்."

தான் காணாமற்போனது அந்த ஆட்டுக்கும் தெரிந்திருக்காது. மற்ற ஆடுகளெல்லாம் தொலைந்துவிட்டன என்று அது கோபத்தோடு நின்றிருக்கும்.