தெரியாதது போல் கேட்ட பேச்சு

சென்னையிலிருந்து ஒரு மொழி ஆராய்ச்சியாளர் வந்திருக்கிறார், அவருக்குத் துணையாக ஒரு ஆசிரியை போய்வர வேண்டும் என்று மிஸ்ஸியம்மா சொன்னபோது நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார அம்மாவை எல்லோரும் அப்படித்தான் அழைப்போம். அன்னூர் ரோட்டில் போலீஸ் காவலில் இருந்த செட்டில்மெண்டுக் குடியிருப்பில் ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் தனியாக ஒரு மொழி பேசுகிறார்களாம். பெண்கள் வெளி ஆணிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் கேள்வி கேட்க ஒரு பெண் வேண்டுமாம்.

"நீதான் நன்றாக இங்கிலீஷ் எழுதுகிறாய். நாளைக்கே புறப்படு" என்றார்.

கையிலிருந்த சிலேட்டைக் கீழே வைத்தேன்.

அந்தக் கூட்டத்தில் பிறந்தவள் நான். அது பள்ளியில் யாருக்கும் தெரியாது. குற்றப் பரம்பரை என்று சர்க்கார் எழுதிவைத்த சனங்கள் நாங்கள். ஆறு வயதிருக்கும்போது என் அப்பாவைப் பிடித்துப் போனார்கள். அம்மா காய்ச்சலில் போனாள். வீடு வீடாக வேதம் சொல்ல வந்த ஒரு அம்மா என்னைக் கோயமுத்தூருக்குக் கூட்டிவந்து விடுதியில் சேர்த்தாள். சேர்க்கும் முன் கிணற்றடியில் வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபடியே சொன்னாள்: "இந்தப் பேச்ச இனி வாயில எடுக்காத கண்ணு. கனவுலயும் பேசிப்போடாத." அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அனாதை, அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

ஆசிரியையானபின் யாராவது கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை போகுமா, என்னையும் செட்டில்மெண்டுக்குள் தள்ளிக் கைநாட்டு வாங்குவார்களா, சட்டம் என்ன சொல்கிறது, எதுவும் தெரியாது. யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டாலே சந்தேகம் வரும். காக்கி உடை தெருவில் வந்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன்.

மறுநாள் போலீஸ் மோட்டாரில்தான் எங்களை அழைத்துப் போனார்கள். ஆராய்ச்சியாளர் முப்பத்தைந்து வயதுக்காரர், ஒல்லியானவர், நல்லவர் என்று முகத்திலேயே தெரிந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"எழுத்தே இல்லாத மொழிம்மா இது. பேசறவங்க போயிட்டா, இப்படி ஒண்ணு இருந்ததுன்னுகூட யாருக்கும் தெரியாது. கல்வெட்டாவது கல்லுல நிக்கும். இது மூச்சுல மட்டும்தான் இருக்கு."

"அப்படிங்களா" என்றேன். முன் இருக்கையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

செட்டில்மெண்டில் புளியமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களில் என் வயதுடைய ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, முன்னால் வந்தாள். அவளே எல்லோருக்குமாகப் பதில் சொல்வாள் என்று முடிவாகியிருந்தது போலிருந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். பதினெட்டு வருஷமாகக் கேட்காத பேச்சு. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"இவனுக்கு ஒண்ணும் நெசமாச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ண மாத்திச் சொல்லு" என்றாள் பின்னால் இருந்தவள்.

நான் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன்.

ஆராய்ச்சியாளர் என்னிடம் சொல்வார், நான் தமிழில் கேட்பேன். "தீக்கு உங்க பேச்சுல என்னங்க?" குழந்தைக்காரி தயங்காமல் 'பல்' என்பதற்கான சொல்லைச் சொன்னாள். கத்திக்குக் குழந்தையின் கோவணத்தைச் சொன்னாள். ஆராய்ச்சியாளர் தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "போலீஸ்காரனுக்கு என்ன சொல்றீங்க? அதைக் கேளுங்க டீச்சரம்மா."

கேட்டேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், எங்கள் பேச்சில் 'நனைந்த கோழி' என்றாள்.

இன்ஸ்பெக்டருக்கு அந்தச் சொல் பிடித்துப்போனது. மறக்காமலிருக்க மீசையைத் தடவிக்கொண்டு நாலைந்து தடவை உரக்கச் சொல்லிப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் தரையைப் பார்த்திருக்க வேண்டும். உதடு என்னை மீறிச் சிரிப்பில் அசைந்துவிட்டது. சட்டென்று இருமி மறைத்தேன்.

நிமிர்ந்தபோது குழந்தைக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போலீஸிடம் ஏதாவது சலுகை கிடைக்குமென்றால் சொல்லாமல் இருப்பாளா?

அடுத்த கேள்வி பானை. "பானைக்கு என்னங்க?"

அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி, அதே குரலில், எங்கள் பேச்சில் கேட்டாள்: "நீ யார் மக?"

ஆராய்ச்சியாளர் பென்சிலோடு காத்திருந்தார். "இது கொஞ்சம் நீளமா இருக்கே. பானைக்கா?" என்றார்.

"ஆமாங்க. மண்பானைங்க" என்றேன்.

அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது இன்ஸ்பெக்டர் சொன்னதுதான் என்னை மேலும் கலக்கியது. "சார், எழுதினதுல எங்களுக்கு ஒரு காப்பி. ஸ்டேஷன் ஸ்டேஷனா அனுப்பணும். இவனுங்க நம்ம முன்னாலேயே திருட்டுக்குத் திட்டம் போடறது இந்தப் பாஷையிலதான்."

"நீங்க அனுமதி கொடுக்கும்போதே ஒத்துக்கிட்டேனே" என்றார் ஆராய்ச்சியாளர்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் ஏன் பொய் சொன்னார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பொய் எத்தனை நாள் நிற்கும்?

நிற்கவில்லை. அடுத்த தடவை போனபோது அவர் அதே கேள்விகளை வேறொருத்தியிடம் கேட்கச் சொன்னார். அவள் தீக்குத் 'தவளை' என்றாள். ஆராய்ச்சியாளரின் நெற்றி சுருங்கியது. அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் பள்ளிக்கு வந்து, வராந்தாவில் என்னிடம் கேட்டார்.

"எல்லாம் பொய், இல்லையா? நீங்க பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்கு என்ன தோணுது? இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லி வேற ஆட்களைக் கூப்பிடச் சொல்லட்டுமா?"

வேறு ஆட்கள் என்றால் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவைக் கூப்பிட்ட விதம் எனக்கு ஞாபகம் இருந்தது.

"வேண்டாங்க" என்றேன். "போலீஸைப் பக்கத்துல வெச்சுட்டுக் கேட்டா யாருங்க நெசம் சொல்வாங்க? அந்தச் சொல்லெல்லாம் ஸ்டேஷனுக்குப் போச்சுன்னா, அப்புறம் அவங்களுக்குப் பேசறதுக்கே ஒரு எடம் இருக்காதுங்க."

"பொய்னு உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?"

மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். தூணைப் பிடித்துக்கொண்டேன். "அது எங்கம்மா பேசின பேச்சுங்க."

சொல்லியாகிவிட்டது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் நான் எப்போதும் பயந்ததில்லை. வகுப்பு வாசலில் நிழல் விழுந்தால் பாடம் நின்றுவிடும். பெட்டியில் துணிகளை மடித்துத் தயாராக வைத்தேன். எங்கே போவது என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"அவங்க என்ன சொன்னாங்களோ அதை அப்படியே இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்துட்டேன். ஒண்ணும் சேர்க்கலை, ஒண்ணும் கழிக்கலை" என்றார். "நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சா, ஏமாந்த வாத்தியார்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும்."

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போனார்.

பிறகு மிகவும் தயங்கி ஒன்று கேட்டார். எனக்கு விருப்பமிருந்தால், எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியுமா? யாருக்கும் கொடுக்கமாட்டேன், அந்தக் கூட்டத்தார் இருக்கும்வரை அச்சிடவும் மாட்டேன் என்றார். இரண்டு நாள் யோசித்துச் சரி என்றேன்.

பள்ளி விட்டபின், யாரும் தப்பாக நினைக்காமலிருக்க வகுப்பறைக் கதவுகளைத் திறந்துபோட்டு உட்கார்ந்தோம். அப்போதுதான் வேறொரு பயம் வந்தது. தண்ணீர், பசி, வலிக்கிறது, தூக்கிக்கொள், நாய், நிலா எல்லாம் வந்தன. கடன், கல்யாணம், வெட்கம், சந்தேகம் எதற்கும் என்னிடம் சொல் இல்லை. என் மொழி ஆறு வயதோடு நின்றுபோயிருந்தது. எனக்குள்ளேயே அது வளராமல் கிடந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை.

"ஒளிஞ்சுக்கோ?" என்று கேட்டார்.

படுத்து ஒளிவதற்கு ஒரு சொல், ஓடி ஒளிவதற்கு ஒன்று, மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிவதற்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

அவர் ஊருக்குப் போனபின், செட்டில்மெண்டுப் பெண்களுக்குச் சனிக்கிழமைகளில் தையல் சொல்லித்தருகிறேன் என்று மிஸ்ஸியம்மாவிடம் அனுமதி வாங்கினேன். முதல் நாள் குழந்தைக்காரியின் பக்கத்தில் ஊசி கோக்கிறவள் போல உட்கார்ந்து, குனிந்தபடியே, அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியல. நீ பேசறது கிழக்காலப் பேச்சு, நாங்க மேக்க" என்றாள் எங்கள் மொழியில். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இத்தன பெரிய பொம்பள, பச்சப்புள்ளையாட்டப் பேசற!"

நான் செய்த தப்புகளையெல்லாம் திருத்தினாள். வெட்கத்துக்கு என்ன சொல் என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். ஏட்டு அந்தப் பக்கம் வந்தால், "ஏனுங்க டீச்சரம்மா, இந்தத் தையல் சரிங்களா?" என்று தமிழுக்கு மாறிவிடுவாள். எனக்குத்தான் மாற நேரமாகும்.

ஒரு சனிக்கிழமை தையல் நீண்டுவிட்டது. ஆஜர் எடுக்கும் மணி அடித்ததும் பெண்கள் அப்படியே எழுந்து வரிசையாக நின்றார்கள். அவளுடைய குழந்தை என் கையில் இருந்தது. நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றுவிட்டேன். புதிதாக வந்த கான்ஸ்டபிள் ஒருவன் கம்பை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே வந்தான். கம்பு அவளைத் தாண்டி என் மேல் வந்தது. என்னையும் எண்ணிவிட்டு அடுத்தவளிடம் போய்விட்டான்.

என்னால் அசைய முடியவில்லை. ஏட்டுதான் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "டேய், அது டீச்சர்டா! மன்னிச்சுக்கோங்கம்மா, புதுப் பையன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். குழந்தை அம்மாவிடம் தாவியது. கான்ஸ்டபிள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

மாற்றலாகி ஈரோட்டுக்குப் போகும்வரை சனிக்கிழமை தவறாமல் போனேன். அந்த மணி அடிக்குமுன் ஊசி நூலை எடுத்துவைத்துவிட்டு வாசலுக்கு வெளியே வந்துவிடுவேன்.